லாண்டரிக்காரியின் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் பதிவு போட்டால்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள், மேடம். திங்கட்கிழமை எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மனசு பாதி வீட்டுக்குப் போயிருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டது. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத்து எனக்குப் பிரச்சினையே இல்லை.

எதிர்வீட்டுக்காரி லாண்டரி வைத்திருக்கிறாள். கீழ்த்தளம் முழுக்க மெஷின். ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்கும். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் வேலைக்கூடம் முழுசாகத் தெரியும். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலை அந்தப் பக்கம் வைத்துக் கட்டினால் நான் என்ன செய்ய?

தொழில் நடத்துகிற பெண்கள் எல்லாம் இப்போது இணையத்தில் முகம் காட்ட வேண்டுமாம். அதற்கென்றே ஒரு தளம். அங்கே யாரும் கடை வைத்திருப்பதில்லை, ‘பயணம்’ வைத்திருக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் தைலம் தேய்ப்பதில்லை, ‘பாடம்’ கற்கிறார்கள். இவளுக்கு எந்தக் கறைக்கு எவ்வளவு சோப்பு என்று தெரியும். நாலு வரி எழுத வராது. என்னிடம் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே, அதை அப்படியே என் பக்கத்துல எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, நடந்ததை மட்டும் எழுதுங்க. நடக்காததை என் பேர்ல போட்டா எனக்குச் சோறு இறங்காது.”

நியாயமான நிபந்தனைதான். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வருஷக் கடைசியில் தொழில்முனைவோர் மாநாடு. அதிகம் பேர் பின்தொடர்கிற பத்துப் பெண்களை மேடையேற்றுவார்கள். முன்வரிசையில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்காருவார்கள். அந்த மேடை கிடைத்தால் இரண்டாவது லாண்டரி திறந்துவிடலாம் என்பது அவள் கனவு. அவள் பேசப்போவது நான் எழுதியது என்பதால் எனக்கும் கொஞ்சம் ஆசை.

முதல் மூன்று மாதம் ‘வெண்மைக்குப் பின்னால் ஒரு பெண்’, ‘குழுவே என் குடும்பம்’ என்று எழுதினேன். பதினோரு லைக். அதில் ஆறு அவள் சொந்தக்காரர்கள், ஒன்று நான். பிறகு ஒருநாள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், வேலையாட்களோடு சேர்ந்து அவளும் குடம் தூக்கினாள். அதை எழுதினேன். தொள்ளாயிரம் பேர். அன்றைக்குப் புரிந்தது. ஒருத்தி ஜெயித்தால் ஒரு கைதட்டோடு போய்விடுவார்கள். அழுதால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எங்கள் தெருவும் அப்படித்தான். இணையம் கொஞ்சம் அகலமான தெரு, அவ்வளவுதான்.

ஆனால் மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் ஒரு கஷ்டமும் இல்லை. புருஷன் தங்கமான ஆள், மெஷின் ஓடுகிறது, பிள்ளை படிக்கிறது. நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்கிறாள், ஒன்றும் நடக்க மாட்டேன் என்கிறது. நான் என்னதான் செய்வது?

ஒருநாள் அவள் வேலைக்கூடத்துக்குப் போனபோது, மெஷினில் கிடந்த ஹோட்டல் விரிப்புகளோடு சாயம் போகிற ஒரு சிவப்புத் துண்டைப் போட்டேன். அறுபது விரிப்பும் ரோஜா நிறம். ஹோட்டல்காரர் வேறு லாண்டரிக்குப் போய்விட்டார். ‘அறுபது விரிப்புகள் எனக்குச் சொன்னது’ என்று எழுதினேன்; இரண்டாயிரம் பேர். அடுத்து, பத்து வருஷமாக அவளோடு இருந்த இஸ்திரிக்காரியிடம், “உன் கை ரொம்ப மெதுவாயிடுச்சாமே, முதலாளியம்மா வேற ஆள் பாக்கிறாளாமே” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. லாண்டரிக்காரி என் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னதில் நல்ல வரிகளாகப் பார்த்து போனில் குறித்துக்கொண்டேன். மூவாயிரத்து நானூறு பேர்.

அப்படியும் பதினோராவது இடம்தான். பத்தாவதில் ஒரு கேக் கடைக்காரி. அவள் கடைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. கொடுத்து வைத்தவள்.

விரிப்புகளைச் சூடாகத் தேய்த்துத் தள்ளுகிற உருளை மெஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். விரல் பட்டால் அது தூக்கிக்கொள்ளும், மெஷின் நின்றுவிடும். விரிப்பின் ஓரம் மடங்கினால் இவள் கம்பிவரைக்கும் கையை விட்டு நீவிவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை மெஷின் நிற்கும். “இது என் மாமியார் மாதிரி அக்கா, கைய நீட்டினாலே முறைச்சுக்கும்” என்பாள்.

மாநாட்டுக்குப் பதினாறு நாள் இருந்தது. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது, கம்பி அசையாதபடி துணி மாட்டுகிற கிளிப் ஒன்றைச் செருகினேன். கையில் ஒரு கட்டு, அதோடு ஒரு போட்டோ; அவ்வளவுதான் நான் நினைத்தது. நாலு விரல் போகும் என்று நினைக்கவில்லை. வலது கை. சத்தம் கேட்டு முதலில் ஓடியதும் நான்தான், சுவிட்சை அணைத்ததும் நான்தான். கிளிப்பை எடுத்துக் கூடையில் போட்டேன். அங்கே நானூறு கிளிப் கிடக்கிறது, அதோடு இது ஒன்று.

மெக்கானிக் வந்து, கம்பி தேய்ந்துவிட்டது என்றார். எல்லோரும் நம்பினார்கள், அவளும்தான். செவ்வாய் எட்டரைக்குப் பதிவு போட்டேன். பதினோராவதிலிருந்து நாலாவது இடம்.

என்ன இருந்தாலும் எனக்கும் மனசாட்சி இருக்கிறது. ஒரு வாரம் உறுத்தியது. அதனால் அவள் பக்கத்தில் இன்னொன்றும் எழுதினேன்: ‘அந்தக் கிளிப்பைச் செருகியவர் யாராக இருந்தாலும், அவரை முழு மனதோடு மன்னிக்கிறேன். மன்னிப்பவளே தலைவி.’ போட்டுவிட்டு மூன்று தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. மனசு லேசானது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவள் இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

“எந்தக் கிளிப், அக்கா?”

அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். கிளிப்பைச் செருகியது நான்தான், மேடம். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவள் புகார் கொடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை. மன்னித்துவிட்டு யாராவது புகார் கொடுப்பார்களா? அவள் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஆறாயிரம் பேர் சாட்சி.