தக்காளிக்குப் போட்ட ஊசி

திருவொற்றியூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டுப் பெண் சொன்னது காதில் விழுந்தது.

"இதுவரிக்கும் நான் தக்காளிக்குத்தான் ஊசி போட்டுகீறேன்டி."

அவளும் அவள் தோழியும் வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைப் படிப்பு. ஆஸ்பத்திரியில் இன்று முதல் நாள் என்று பேச்சில் தெரிந்தது.

"கிளாஸ்ல இன்னாதான் பண்ண நீ?"

"நான் ஆன்லைன் பேட்ச்சாச்சே. வீடியோ பூரா மனப்பாடமா கீது. ஆனா ஒருத்தர் கையக்கூட தொட்டதில்ல."

தோழி சுடிதார் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினாள். "இந்தா, நரம்பக் கண்டுபுடி."

தக்காளிக்கு ஊசி போட்டவள் அந்த முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் தேடினாள்.

"கெடச்சிச்சிடி! நல்லா துடிக்குது."

"அய்யோ, துடிக்கிற எடத்துல குத்தவே கூடாது. நேர் கிளாஸ்ல மிஸ் என் வெரலப் புடிச்சி வெச்சிக் காட்னாங்களே."

"வீடியோலயும்தான் சொன்னாங்கோ. துடிக்கிறது எப்டி இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? போனத் தொட்டா கண்ணாடிதானே கீது."

ராயபுரத்தில் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. இருவரும் எழுந்தார்கள். அவள் தோழியின் கையை விடவில்லை. கூட்டத்தில் இடித்துக்கொண்டு இறங்கும்போதும் அவள் குரல் கேட்டது.

"இது துடிக்கல. மெத்துன்னு கீது. இதானடி? சொல்லுடி, இதானே?"