நைலெக்ஸ் கட்டிய படம்

— டிவிய அமத்து. மொதல்ல அத அமத்து வேணி, அப்பறம் பேசு.

— அமத்திட்டேன் பெரிம்மா. ஏன் இப்புடி வேத்து ஊத்துது? இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தண்ணி கெடக்கட்டும். யாரக் கேட்டுடி என் பொட்டியக் கெளறுன?

— நீங்கதானே அன்னைக்கு, 'பொட்டியில சால்வ கெடக்கு, எடுத்துட்டு வா'ன்னீங்க? அதுக்கடியில பழைய பேப்பருக்குள்ள மடிச்சு இருந்துச்சு அந்த போட்டோ.

— சால்வ எடுக்கச் சொன்னா சால்வய எடுக்கணும். நான் பாட்டுக்கு காலையில கறுப்பு வெள்ள பாட்டு பாத்துட்டு ஒக்காந்திருக்கேன். பாட்டு முடிஞ்சுதேன்னு சேனல மாத்துறேன், உள்ளூர் கேபிள்ல உங்க காலேஜ் விழான்னு காட்டுறான். பாத்தா, ஆள் ஒசரத்துக்கு நான் நிக்கிறேன். கொண்டையும் கூலிங் கிளாசுமா! எனக்கு நெஞ்சே நின்னு போச்சுடி.

— சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன் பெரிம்மா. மகளிர் தினத்துக்கு 'அறுபதுகள் ஸ்டைல்'னு ஒரு போட்டி வெச்சாங்க. ஆபீஸ்ல வேல பாக்குறவங்களும் கலந்துக்கலாம்னாங்க. பெரம்பலூர் புள்ளைங்க எல்லாம் வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கிட்டு வந்துச்சுங்க. நான் உங்க படத்தப் பெருசு பண்ணி வெச்சேன். ஃபர்ஸ்ட் பிரைஸ்! பிரின்சிபால் மேடம் கிட்ட வந்து பாத்துட்டு, 'யாரும்மா இது, அந்தக் காலத்து நடிகையா'ன்னு கேட்டாங்க.

— நடிகையான்னா கேட்டா?

— சத்தியமா.

— ம்... கேப்பா கேப்பா. இப்ப அந்தப் புள்ளைங்க கட்டியிருந்துச்சே, அதுவா அறுவது? தலையில ஒரு எலுமிச்சம்பழ அளவு கொண்ட. எங்க காலத்துல கொண்டன்னா நெலப்படி இடிக்கணும்.

— அதான் கேக்கணும்னு நெனச்சேன். அவ்ளோ பெரிய கொண்ட எப்புடி நின்னுச்சு? சவுரியா?

— சவுரிக்கு எங்க போறது? தேங்கா நார உருட்டி, கறுப்புத் துணியில சுத்தி, உள்ள வெச்சுக் கட்டுறதுதான். அரிப்புத் தாங்காது. கண்ணு ஓரத்துல மையில ஒரு வால் இழுக்கணும், நெத்தியில ரெண்டு முடிய எச்சி தொட்டு சுருட்டி வுடணும். படம் பாத்துட்டு வந்தா ராப்பூரா தூக்கம் வராது, அந்த ஜாக்கெட்டு கை எப்புடி தச்சிருந்தா, அந்த முதுகு எவ்ளோ எறக்கம்னு... ஏ புள்ள! பேச்ச மாத்தாத. அத மொதல்ல எடு.

— கேபிள்ல இனிமே போட மாட்டான் பெரிம்மா. ஆனா...

— என்னா ஆனா?

— இன்ஸ்டாவுலயும் போட்டிருக்கேன். 'எங்க வீட்டு அறுபதுகள் அழகி'ன்னு. இதுவரைக்கும் பதினோராயிரம் பேர் பாத்திருக்காங்க.

— அடி ஆத்தி! நம்ம தெருவுல மொத்தமே அறுவது வூடுதானேடி!

— எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. 'சேலை செம', 'இந்த மாதிரி இப்ப கெடைக்குமா'ன்னு. ஏன் பெரிம்மா இப்புடிப் பதறுறீங்க? ஒண்ணு கேக்கவா, கோச்சுக்கக் கூடாது. அந்த போட்டோக்காரரோட எதுனா...

— போடி இவளே. அந்தாளுக்கு அறுவது வயசு, பொக்க வாய். அரியலூர் கடத்தெருவுல ஸ்டூடியோ வெச்சிருந்தாரு. பின்னால ஏரியும் படகும் வரஞ்ச படுதா தொங்கும். கூலிங் கிளாஸ் அவரோடது, படம் புடிக்கிறப்ப போட்டுக்க ஓசியா குடுப்பாரு.

— அப்பறம் என்னா? அழகாத்தானே இருக்கீங்க?

— அழகாத்தான் இருக்கேன். அதாண்டி வெனையே. அது என் சேல இல்ல.

— யாரோடது?

— உன் மாமியாளோடது.

— எங்க அத்தையோடதா? இருங்க... சிங்கப்பூர் நைலெக்சா? அவங்க கல்யாணத்துக்கு அவங்க அண்ணன் கொண்டாந்தாருன்னு சொல்லுவாங்களே, அதா?

— அதேதான்.

— அத மாட்டுக்கொட்டாயில வேல பாத்த பொண்ணு திருடிட்டாள்னுல்ல சொல்லுவாங்க? சாவுற வரைக்கும் சொன்னாங்களே. எனக்குப் பொடவ எடுக்குறப்பல்லாம், 'அந்த மாதிரி வழுக்கிக்கிட்டுப் போற துணி இனிமே எங்க, அந்தக் கழுத கொண்டு போயிட்டாளே'ன்னு. பெரிம்மா... அப்ப அது?

— கதவச் சாத்திட்டு வா.

— வூட்ல யாரும் இல்ல. அவரு முந்திரித்தோப்புக்குப் போயிருக்காரு. சொல்லுங்க.

— உன் மாமியா, அதான் எங்க அண்ணி, கல்யாணமாயி வந்து மூணு மாசம். அந்தச் சேலைய ஒரு தடவதான் கட்டுனா. தொவச்சுப் போட்டா மூணு நிமிசத்துல காஞ்சிரும், மடிச்சா உள்ளங்கையில அடங்கும். பூப்பூவா, ஒவ்வொண்ணும் தட்டு அளவுக்கு. எனக்குப் பதினேழு வயசு. தையல் கிளாசுக்குன்னு வாரம் ரெண்டு நாள் அரியலூருக்கு பஸ்ல போவேன். ஒரு நாள் பொட்டியத் தொறந்து எடுத்து பையில வெச்சுக்கிட்டேன். சாயங்காலம் திரும்ப வெச்சுரலாம்னு.

— வெக்கலையா?

— வெக்கத்தான் வந்தேன். தெருமுனையிலயே சத்தம் கேக்குது. அண்ணி அன்னைக்குன்னு பாத்து ஏதோ விசேசத்துக்குக் கட்டணும்னு பொட்டியத் தொறந்திருக்கா. வூடே தலகீழா கெடக்கு. நான் பைய வைக்கப்போருக்குள்ள சொருகிட்டு உள்ள போனேன். அப்பயே செங்கமலத்தப் புடிச்சு வாசல்ல நிக்க வெச்சிருந்தாங்க.

— அந்த மாட்டுக்கொட்டாய் பொண்ணு?

— என் வயசுதான். அவளும் அவ தம்பி அங்கமுத்துவும் எங்க வூட்ல வேல. சாணி அள்ளுறது, தண்ணி காட்டுறது, துணி தொவைக்கிறது. துணி அவ கைக்கிப் போவுதுல்ல, அதனால அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்கப்பா புளிய வெளாறு எடுத்தாரு. தெரு முழுக்க நின்னு பாத்துச்சு. 'எடுத்தியா'ன்னு ஒரு அடி, 'எங்க வித்த'ன்னு ஒரு அடி. அவ ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. அதுலதான் எல்லாருக்கும் உறுதியாச்சு.

— நீங்க எங்க நின்னீங்க?

— கதவுக்குப் பின்னாடி. போட்டோ கட ரசீது ஜாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு, வேர்வையில ஊறிப்போய்.

— ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பெரிம்மா!

— வாய் வரைக்கும் வந்துச்சுடி. அப்பா வெட்டிப் போட்டுருவாருன்னு பயம். இல்ல... இத்தன வருசமா அப்புடித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். பெத்த பொண்ணு மேல கைய வைக்கிற மனுசன் இல்ல அவரு, ரெண்டு நாளு திட்டியிருப்பாரு. ரசீதக் காட்டுனா படத்த வாங்க வுட மாட்டாங்களேன்னு இருந்துச்சு. அதுதான் நெசம். இத நான் சாமிகிட்டகூட சொன்னதில்ல.

— படம்... அதுக்கப்பறமா போயி வாங்குனீங்க?

— அவள அடிச்சது செவ்வாக்கெழம. மறுநா விடியக்காலம் அவங்க குடும்பமே சட்டிப்பானையோட ஊர வுட்டுப் போயிருச்சு. நெய்வேலிப் பக்கம் செங்கச் சூளைக்குன்னு சொன்னாங்க. நான் அடுத்த வெள்ளிக்கெழம போயி படத்த வாங்கிட்டு வந்தேன். பஸ்ல வரப்பவே நாலு தடவ எடுத்து எடுத்துப் பாத்தேன்.

— எப்புடி மனசு வந்துச்சு உங்களுக்கு?

— தெரியல. திட்டு. நீயாவது திட்டு.

— அந்தச் சேல?

— முந்திரித்தோப்புல சருகக் கூட்டிக் கொளுத்துனேன். நூல் பொடவ மாதிரி எரியும்னு நெனச்சேன். அது எங்க எரிஞ்சுது? உருகி ஒழுகுது. குச்சிய வுட்டு கையால தள்ளுனேன், அப்புடியே ஒட்டிக்கிச்சு. இங்க பாரு, உள்ளங்கையில.

— இது முந்திரிக்கொட்ட பால் பட்ட தழும்புன்னு சொன்னீங்க?

— எல்லார்கிட்டயும் அப்புடித்தான் சொன்னேன். அண்ணியே வெண்ணெ தடவி வுட்டா.

— படத்த மட்டும் ஏன் வெச்சிருந்தீங்க? அதையும் கொளுத்தியிருக்கலாமே?

— எத்தனையோ தடவ கிழிக்கணும்னு எடுத்திருக்கேன். கட்டிக்கிட்டுப் போனது ஒரு குடிகாரன். ஆறு வருசத்துல தாலிய அறுத்துக்கிட்டு இந்த வூட்டுக்கே திரும்பி வந்தேன். பொறவு வெள்ளச் சேலதான். நான் அழகா இருந்தேங்குறதுக்கு இந்த உலகத்துல அது ஒண்ணுதான் சாட்சி. எடுக்குறப்பல்லாம் மொதல்ல கண்ணுல படுறது என் மூஞ்சிதான். அவ ஞாபகம் அப்பறந்தான் வரும். அதான் இன்னும் அசிங்கமா இருக்கு. என் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலல்ல?

— அது இல்ல பெரிம்மா. நான் ஒண்ணு சொல்லணும். நானும் தப்புப் பண்ணிட்டேன்.

— நீ என்னாடி பண்ண?

— நேத்து அந்த படத்துக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு. விக்கின்னு பேரு, நெய்வேலி. 'இவங்க ஊரு உடையார்பாளையமா? எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, இந்த போட்டோவப் பாத்ததுலேருந்து சோறு திங்காம ஒக்காந்திருக்கு. இவங்ககூட பேசணுங்குது'ன்னு. உங்க பழைய சிநேகிதியா இருக்கும்னு நெனச்சு நம்பர் குடுத்துட்டேன்.

— அம்மாயி பேரு?

— பேரு சொல்லல. இன்னைக்குப் பத்து மணிக்குக் கூப்புடுறேன்னாரு.

— மணி என்னா?

— பத்து அடிக்கப் போவுது.

— போன அமத்தி வெய்யி. வேணி, உன் கையப் புடிச்சுக் கேக்குறேன். நான் செத்துட்டேன்னு சொல்லிரு. போன வருசமே போயிட்டாங்கன்னு சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— அடியே!

— ஒரு தடவ கதவுக்குப் பின்னாடி நின்னது போதும் பெரிம்மா. போன் அடிக்கிது பாருங்க. எடுக்குறேன். ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ... ஆமாங்க விக்கி, வேணிதான். பக்கத்துலதான் இருக்காங்க. அம்மாயிகிட்ட குடுங்க.

— பஞ்சவர்ணமா?

— ஆமா.

— நான் செங்கமலம். அப்பல்லாம் ஒன்னைய பாப்பா பாப்பான்னுதான் கூப்புடுவேன். இப்ப அது வாயில வரல.

— பேரச் சொல்லியே கூப்புடு. எப்புடி வேணும்னாலும் கூப்புடு.

— பேரன் போன்ல காட்டுனான். ஒன் மூஞ்சி எனக்கு சட்டுன்னு புடிபடல. கண்ணாடி வேற. பூவத்தான் தெரிஞ்சுது. எத்தன தடவ அலசிக் காயப் போட்டிருப்பேன் அந்தப் பூவ.

— செங்கமலம், நான்தான் எடுத்தேன். ஒரு நாள் கட்டிப் பாக்கணும்னு எடுத்தேன். நீ அடி வாங்குறப்ப பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு மன்னிப்புக் கேக்கக்கூட வாய் இல்ல. நல்லாத் திட்டு. மண்ண வாரித் தூத்து.

— திட்டுறதுக்குக் கூப்புடல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும்.

— சொல்றேன்.

— அந்தச் சேலைய ஒங்கிட்ட யாரு குடுத்தா? அங்கமுத்து குடுத்தானா?

— அங்கமுத்துவா? உன் தம்பியா? அவன் எதுக்குக் குடுக்குறான்?

— காசுக்கு வித்தானா? இல்ல நீ கேட்டு எடுத்தாந்தானா?

— இல்ல செங்கமலம், அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நானே பொட்டியத் தொறந்தேன், நானே எடுத்தேன், நானே கொளுத்தவும் கொளுத்துனேன்.

— நல்லா யோசிச்சு சொல்லு. அன்னைக்கு மத்தியானம் அவன் கக்கத்துல ஒரு மூட்டைய வெச்சுக்கிட்டு கொல்லப்பக்கமா ஓடுனத நான் பாத்தேன். கேட்டதுக்கு தவுடுன்னான்.

— தவுடாத்தான் இருந்திருக்கும். சாமி சத்தியமா சொல்றேன், சேல காலையிலேருந்தே எம் பையிலதான் இருந்துச்சு.

— அவனுக்குப் பதிமூணு வயசு. ஒங்கப்பா அடிக்கு அவன் தாங்க மாட்டான். அதான் நான் இல்லன்னு சொல்லல. நான் இல்லன்னா அடுத்தது அவனத்தானே புடிப்பாங்க.

— அய்யோ.

— சூளைக்குப் போன பொறவு கேட்டேன், எங்கடா வித்தன்னு. எங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணான், எடுக்கலக்கான்னு. நான் நம்பல. ஒன்னால என் முதுகு கிழிஞ்சுது, ஊரு போச்சு, இனிமே எங்கூட பேசாதன்னுட்டேன். அவன் கல்யாணத்துக்குப் போவல. அவன் புள்ளைங்க கல்யாணத்துக்கும் போவல. பொங்கலுக்குப் பொங்கலு சீரு எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான். வாங்க மாட்டேன்.

— அவன் இப்ப எங்க இருக்கான்? சொல்லு செங்கமலம், நான் இப்பவே பஸ் ஏறி வரேன். அவன் கால்ல வுழுந்து நானே சொல்றேன்.

— போன மாசம் செத்துட்டான் பஞ்சவர்ணம். கூடப்பொறந்தவ வந்து வாய்க்கரிசி போடணும்னு ஆளு அனுப்புனாங்க, திருட்டுப் பயலுக்கு நான் போட மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.