தண்ணீர் இறங்கும் வரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, ஆலய நிர்வாகத்துப் பெரியோர்களே, கனடாவிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சோமசேகரம் ஐயாவின் மகள் ஷாந்தினி அவர்களே, கரையோர நிலத்தின் சொந்தக்காரர்களே, குளுவாங் நகரத்து நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வாசுகியின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளர் அல்ல. ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்தே என் வேலைக்காலம் முடிந்துவிட்டது. எனக்குப் பேச வராது, சண்டை போடத்தான் வரும். அந்தச் சண்டைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்ட மனிதர் இன்று நம்மிடம் இல்லை. மண்ணியல் அறிஞர் முனைவர் சோமசேகரம் அவர்கள் இல்லை. நீங்கள் ‘மண் டாக்டர்’ என்று செல்லமாகக் கூப்பிட்ட எங்கள் ஐயா இல்லை. காலையில் உலு திராம் வீட்டிலிருந்து காரை எடுக்கும்போதுகூட, அவர் இங்கே வாசலில் நின்று, “என்ன பிள்ளை, இன்றைக்கும் பிந்திப்போனீங்களோ?” என்று கேட்பார் என்றுதான் மனம் நம்பியது. வந்து பார்த்தால் வாசலில் அவருடைய படம்தான் இருக்கிறது.

அன்பர்களே, எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். இந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்திருக்கிறது, காதுகுத்து நடந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் இந்தப் பலகை ஓர் ஓரமாக விழுந்திருக்கும். இது என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இது மண். கனடாவின் புல்வெளிச் சமவெளியில், தரையிலிருந்து கீழ்நோக்கி ஆள் உயரத்துக்கு நேராக வெட்டியெடுத்து, முதுகில் மட்டும் பசை பூசிப் பலகையில் நிறுத்திய மண். கேட்ட இடமெல்லாம் அனுமதிக் கடிதம் வாங்கி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் அதைக் கொண்டுவந்தார். தன் வாழ்நாளில் பாதியை அந்த மண்ணோடு கழித்தவர் அவர்.

அது எப்படிப்பட்ட மண்? ஒரே சமவெளி, பார்க்கிற தூரம் வரைக்கும் ஒரே புல். ஆனால் ஓரிடத்தில் கோதுமை இடுப்பளவு நிற்கும், அடுத்த எட்டில் முழங்காலைத் தாண்டாது. இன்னொரு எட்டில் ஒன்றுமே முளைக்காத மொட்டைக் குழி. மேலே கொஞ்சம் நல்ல மண் இருக்கும். அதைச் சுரண்டினால், அதோ தெரிகிறதே, மண்டை உருண்டு, உச்சி வெளுத்து, வரிசையாக நிற்கும் களிமண் தூண்கள். காய்ந்தால் கடப்பாரை துள்ளும். நனைந்தால் காலில் போட்ட பூட்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். பயிரின் வேர் அந்தத் தூணுக்குள் போக முடியாமல், இடுக்கில் தட்டையாகப் படிந்து கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். கீழே மண் தாகத்தோடு இருக்கும். இத்தனைக்கும் காரணம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம். அது களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாது. சேராத துகள், டீ வடிகட்டியில் மாவு அடைத்துக்கொள்வதுபோல் மண்ணின் கண்களை அடைத்துவிடும்.

ஐயா ஓய்வு பெற்றுக் குளுவாங்குக்குத் திரும்பி வந்ததும் இந்த மண்டபத்தில்தான் அந்த மண்ணைப் பற்றி ஓர் உரை ஏற்பாடு செய்தோம். வந்தவர்களை விட நாற்காலிகள் அதிகம். அன்று பலகையைச் சுவரில் மாட்டவில்லை, தூணோரமாகச் சாய்த்து வைத்திருந்தோம். கோவிலுக்குப் பூக்கட்ட வந்த வெள்ளையம்மா அக்காள் அந்தப் பக்கம் வந்தார். வெளுத்த உச்சியோடு வரிசையாக உருண்டை உருண்டையாக நிற்பதைப் பார்த்தார். விபூதி பூசிய லிங்கங்கள் என்று நினைத்துக்கொண்டார். பூ வைத்தார், கும்பிட்டார், சொம்பிலிருந்த தண்ணீரையும் ஊற்றிவிட்டார்.

நான் பதறிவிட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் ஏதோ சொல்வதற்குள் ஐயா ஓடி வந்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “பூ இருக்கட்டும் அம்மா. தண்ணி மட்டும் ஊத்தாதேங்கோ” என்றார். ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாமல், சேறு கலங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அக்காள் சொன்னார்: “எங்க நிலத்துலயும் இப்படித்தான் சார் தண்ணி நிக்குது. உள்ள போவ மாட்டேங்குது.”

அந்த வார்த்தையைக் கேட்டபோது ஐயாவின் முகத்தைப் பார்த்தவள் நான். அவருடைய உரைக்கு அன்று கிடைத்த ஒரே கேள்வி அதுதான். மறுநாள் காலையிலேயே மேற்குக் கரைக்குக் கிளம்பிவிட்டார்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வேலை பார்த்த தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கிய நிலம் அது. பெரிய அலை வந்த ஒரு பௌர்ணமியில் மண்வரம்பு உடைந்து கடல் உள்ளே வந்துவிட்டது. வரம்பைக் கட்டினார்கள். மழை பெய்தது. நம் ஜொகூர் மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கால்வாய்த் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். உப்பு இல்லை. நிலம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வாழை வைத்தார்கள், வெண்டை போட்டார்கள். எல்லாம் மஞ்சளாகிச் செத்தது. இரண்டாம் தடவை வைத்ததும் செத்தது. சாபம் என்றவர்கள் உண்டு. நிலத்தின் சங்கத் தலைவர் ஜெயபாலன் அப்போது ஐயாவிடம் கேட்டாராம்: “தண்ணி உப்புக் கரிக்கல லா டாக்டர். அப்புறம் ஏன் சாவுது?” ஐயா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். “உப்புப் போயிட்டுது தம்பி. சோடியம் போகேல்லை. நாக்குக்கு அது தெரியாது.”

வெறும் மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. களிமண்ணைப் பிடித்திருந்த சோடியம் அப்படியே தங்கிவிட்டது. வடக்கே எங்கோ பனி உறையும் சமவெளியில் அவர் பார்த்த நோய், தென்னை மர நிழலில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் அந்த நிலங்களை ஆழமாக உழுதார்கள் என்று ஐயா ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அங்கே கெட்ட அடுக்குக்குக் கீழேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் இருக்கின்றன. அதைக் கிளறி மேலே கலந்தால் மண் திருந்தும். இதைக் கேட்ட நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஐயாவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று மண்வாரி இயந்திரத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்து நான் அவருக்குச் சொல்ல, அவர் எப்போதும் கையில் வைத்திருக்கும் கறுப்புக் குடையோடு போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். முதல் வாரலில் வந்த நீலச் சாம்பல் களியை எடுத்து ஜெயபாலன் மூக்கருகே நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம். “அங்க அடியில மருந்து இருந்தது. இங்க அடியில இருக்கிறது வேற. கிளறினா காத்துப் பட்டு அமிலமாப் போகும். பிறகு என்னாலயும் ஒண்டும் செய்யேலாது” என்றார். இயந்திரம் திரும்பிப் போனது.

தான் கண்ட வைத்தியத்தைத் தானே தடுத்து நிறுத்த எத்தனை பேருக்கு மனம் வரும்? முப்பது ஆண்டு ஒன்றை நம்பியவர், இந்த ஊரில் அது ஆகாது என்று ஒரு கைப்பிடி களியை முகர்ந்து பார்த்துச் சொன்னாரே! படிப்பு என்றால் அதுதான்.

வடக்கே மருந்து உண்டு, மழை கிடையாது, நமக்கு மழை உண்டு, மருந்துதான் இல்லை என்பார். ஜிப்சத்தை மூட்டையாக வாங்கி மேலே தூவச் சொன்னார். அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தள்ளப்பட்டதை மழை வெளியே கொண்டுபோகும். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் போட வசதியில்லை. வெள்ளையம்மா அக்காள் பங்கிலிருந்து ஆரம்பித்து, கடைசியாக ஜெயபாலன் பங்குக்கு வந்தார்கள். தலைவர் தன் பங்கைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஐயா கேட்டது இரண்டு மழைக்காலம். “ரெண்டு மழை பொறுங்கோ” என்றார். ஆனால் கடல் தண்ணீரைத் தேக்கி இறால் வளர்க்கும் குளத்துக்காரர்கள் பொறுப்பார்களா? நிலத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள். கொடுத்தால் என்ன ஆகும்? உடைத்துக்கொண்டு வந்த கடலை நாமே குழாய் வைத்து உள்ளே அழைப்போம். அதற்குப் பிறகு அந்த மண்ணுக்கு எந்த டாக்டரும் இல்லை.

ஒவ்வொரு வாரமும் அவர் அங்கே போவார். அடிப்பாகம் இல்லாத, வாளி அகல இரும்பு வளையம் ஒன்று ஒவ்வொரு பங்கிலும் மண்ணில் அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றுவார். முக்காலியைப் போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு, அது இறங்கும் வரை உட்கார்ந்திருப்பார். நான் கேலி செய்வேன். கொக்குகூட மீன் கிடைக்காவிட்டால் எழுந்து போய்விடும் ஐயா என்பேன். “அவசரப்படாதேங்கோ பிள்ளை, மண் யோசிக்குது” என்பார்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஜெயபாலன் பங்கில். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போன ஜெயபாலன், தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார். குடை மடியில் சாய்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயன் இல்லை. மருத்துவமனையில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாலையில் குடையை எடுத்துவர ஜெயபாலன் திரும்பிப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். சொன்னார்: “மேடம், அவர் ஊத்துன தண்ணி இன்னும் அப்படியே நிக்குது.”

நான் அழாதவள் என்று பெயர் எடுத்தவள். அன்றைக்கு அழுதேன். இதோ, இப்போதும்.

ஷாந்தினி, நேற்று நீ என்னிடம் சொன்னதை இங்கே சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தாய். வந்து தன்னோடு இருக்கும்படி அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அவருக்காக அறையைத் தயார் செய்துவிட்டாளாம், ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு. “ரெண்டாவது மழை முடியட்டும், வாறன்” என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குக் கொடுத்த அதே வாக்கு. ஒரு மழைதான் பார்த்தார். மகளுக்குச் சேர வேண்டிய நாட்களை நம் நிலத்தில் உட்கார்ந்து செலவழித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

வரும் ஞாயிற்றுக்கிழமை நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடுகிறீர்கள். அந்தப் பேச்சை இன்று எடுக்க வேண்டாம் என்று ஜெயபாலன் என்னைக் கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும் தம்பி. எடுத்துவிட்டேன். உன் வலி எனக்குத் தெரியும். உன் பங்கில்தான் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நான் பொய் சொல்ல மாட்டேன், உன் மண் இன்னும் திருந்தவில்லை. ஆனால் இன்று காலை இங்கே வருமுன் வெள்ளையம்மா அக்காள் பங்குக்குப் போனேன். வளையத்தில் தண்ணீர் ஊற்றினேன். வாளியைக் கீழே வைத்து, சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை. மண் குடித்துவிட்டது. பக்கத்தில் வெண்டை பூத்திருக்கிறது. ஐயா இருந்திருந்தால் அதைப் பறித்து என் கையில் கொடுத்து, என் பழைய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார். அவருடைய வேலையை இனி நான் செய்வேன். ஒவ்வொரு வாரமும் வருவேன். மண்ணை எடுப்பேன், சோதிப்பேன், உள்ளதை உள்ளபடி சொல்வேன். எனக்கு அவருடைய பொறுமை கிடையாது, கற்றுக்கொள்கிறேன். நீங்கள் இன்னும் ஒரு மழை மட்டும் பொறுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது வழக்கம். அவைத் தலைவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அதை இன்று இங்கே செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்னால், எல்லோரும் ஜெயபாலன் பங்குக்கு வாருங்கள். ஷாந்தினி தன் கையால் அந்த வளையத்தில் தண்ணீர் ஊற்றட்டும். அது இறங்கும் வரை நாம் பேசாமல் நிற்போம்.

இந்த ஆண்டு அந்த மௌனம் நீளும். வெயில் ஏறும், கால் வலிக்கும், சிலருக்குக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். நில்லுங்கள். அடுத்த ஆண்டும் அவர் நினைவுநாளில் அங்கேயே நிற்போம், அப்போது கொஞ்சம் குறையும். அதற்கடுத்த ஆண்டு இன்னும் குறையும். என்றைக்கு நாம் கண்ணை மூடி அவரை நினைத்துத் திறப்பதற்குள் வளையம் காலியாகி, அழக்கூட நேரமில்லாமல் போகிறதோ, அன்றைக்குத்தான் முனைவர் சோமசேகரம் அவர்களுக்கு நம் அஞ்சலி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே அங்கே இருப்பேன். ஐயாவின் குடை என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.