கடற்கரை வீதி மாடிக் கட்டடத்தை விட்டிறங்கும் ஸலாஹுதீன் சேருக்கு

அளவற்ற அருளாளனின் பெயரை முன்வைத்து,

கல்முனைக் கடற்காற்றில் கறுத்த சுவர்களைக் கண்ணெனக் காத்த காவலரே, சாய்ந்தமருது தந்த சான்றோரே, சொல்லில் சிக்கனமும் கரும்பலகைச் சோக்கட்டியில் அதைவிடச் சிக்கனமும் காட்டிய சீரியரே, பல்கலைக்கழக வெளிவாரிக் கற்கை நிலையத்தின் பொறுப்பை இன்று இறக்கிவைக்கும் ஜனாப் ஸலாஹுதீன் அவர்களே, தங்கள் முன் எழுந்து நின்று இம்மடலை வாசிக்கிறோம்.

தங்களைப் பாராட்டப் புகுந்தால் இக்கட்டடத்தைப் பாடாமல் முடியாது. வெள்ளைக்காரர் நெல் சேர்க்கக் கட்டி, உலக யுத்தத்தில் சிப்பாய்களைப் படுக்கவைத்து, பிறகு வௌவாலுக்கு விட்டுப்போன இந்த மாடியை, ஏழைப் பிள்ளைகளும் ஊரிலிருந்தே பட்டம் பெறட்டும் என்று எழுபத்தேழில் கேட்டு வாங்கியவர் தாங்கள். மறுவருடக் கார்த்திகையில் அடித்த சூறாவளி கூரையைக் கொண்டுபோய்க் கடலோரத்தில் போட்டது. ஓடு ஓடாகப் பொறுக்கி, மருதமுனை நெசவாளரிடமும் வரிப்பத்தான்சேனை வெள்ளாண்மைக்காரரிடமும் கையேந்தி, அடுத்த மாரிக்கு முன் கூரையை மூடினீர்கள். “இந்த மனிசனுக்கு ஊடெண்டா அந்தக் கட்டடந்தான். நம்மட ஊடு மழைக்கு ஒழுகுது” என்று தங்கள் துணைவியார் கைருன்னிஸா அவர்கள் எங்கள் ஆசிரியைகளிடம் குறைப்பட்டதை இந்தச் சபையில் சொல்ல அனுமதியுங்கள்.

எண்பத்தைந்தில் படையினர் வந்தார்கள். கீழ்த்தளம் முகாமாயிற்று. நூலகம் இருந்த மாடியும் வேண்டும் என்றார்கள். கீழே ஒரு மூலையில் நடந்துவந்த நண்பகல் லுஹர் தொழுகையைத் தாங்கள் மாடிக்கு மாற்றி, புத்தக அலுமாரிகளுக்கு நடுவே பாய் விரித்து, இது தொழுகிற இடம் என்று அதிகாரியிடம் சொன்னீர்கள். சப்பாத்தோடு ஏற வந்தவர்கள் படியடியில் நின்றுவிட்டார்கள். கீழே துவக்கும் மேலே தொழுகையுமாக வகுப்புகள் நடந்தன. தங்கள் மதிநுட்பத்தை ஊரே மெச்சியது.

அடுத்த ஆவணியில் ஒரு சுற்றிவளைப்பு. முஸ்லிம்களை விட்டுத் தமிழ் இளைஞர்களைத் தேடினார்கள். பாண்டிருப்புச் சின்னப்போடியாரின் மகன் குணம், எங்கள் இரண்டாம் வருடக் கலை மாணவன், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஓடிவந்தான். தொழுகைக்கு அணி நின்றுகொண்டிருந்தது. நூலக உதவியாளர் அபூசாலி தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். “எனக்குப் பக்கத்தில நில்லு தம்பி. என்னப் பாத்து அப்படியே செய்” என்றார். தாங்கள் முன்னே நின்று தொழுகை நடத்தினீர்கள். இடப்பக்கம் நின்ற அபூசாலியைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் குணம் குனிந்தான், நெற்றியை நிலத்தில் வைத்தான், எழுந்தான். படியேறி வந்த படையினர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்கும்போது முகம் முதலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எல்லா முகமும் வலப்பக்கம் திரும்பிற்று. குணத்தின் முகம் மட்டும், அதுவரை பார்த்த பழக்கத்தில், அபூசாலி நின்ற இடப்பக்கம் திரும்பிற்று. அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வாசலில் நின்றவர்கள் அவனை வெறுங்காலோடு இழுத்துப் போனார்கள். குறுக்கே போய் நின்ற தங்களைத் துவக்குப்பிடியால் அடித்தார்கள். அந்த வலத்தோள் இன்றும் முழுதாக உயர்வதில்லை. கரும்பலகையின் மேற்பாதியில் சேர் ஏன் எழுதுவதில்லை என்று புதிய மாணவர் கேட்டால் நாங்கள் வேறு கதை சொல்லிச் சமாளிக்கிறோம்.

மறுநாள் பாய்களை அள்ளிக்கொண்டு போனார்கள். தாங்கள் வெறுந்தரையில் தொழுதீர்கள், மாடியை விடவில்லை. அன்றிலிருந்து காலையில் வந்ததும் முகாம் மேசைக்கு முன்னால் போய் நின்று, குணம் எங்கே என்று கேட்பதே தங்கள் முதல் கடமையாயிற்று. ஒருநாள் விட்டுவிட்டோம் என்பார்கள், இன்னொருநாள் அப்படி ஒருவனே இல்லை என்பார்கள். பகலில் பாடம் நடத்தினீர்கள், அந்தியில் பாண்டிருப்புக்கு நடந்துபோய்ச் சின்னப்போடியாரிடம் அதே பதிலைச் சொன்னீர்கள்.

எண்பத்தேழில் படையினர் முகாமை விட்டுப் போனபோது கீழ்த்தளத்துக் கதவும் யன்னலும் அடுப்பில் எரிந்து முடிந்திருந்தன. மாடியில் ஒரு புத்தகமும் குறையவில்லை. கட்டடம் மீண்டதென்று பெரியவர்கள் கூடி வாழ்த்தியபோது, தாங்கள் எழுந்து ஒரேயொரு வசனம் கதைத்து உட்கார்ந்தீர்கள்: “புத்தகம் தப்பிச்சிது, பொடியன் தப்பல்லியே.” இம்மடலின் தொடக்கத்தில் காவலர் என்று விளித்ததையும் தாங்கள் விரும்பியிருக்கமாட்டீர்கள். ஆனாலும் எழுதினோம். எங்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

குணத்தின் செருப்பு படியடியில்தான் கிடக்கிறது. படையினர் தட்டிவிடும்போதெல்லாம் எடுத்துச் சோடி சேர்த்து வைத்தவர் தாங்கள். கூட்டுகிறவர் அதைச் சுற்றியே கூட்டுவார். இந்த விழா நிச்சயமானதும், தாங்கள் போனபின் யாரேனும் எறிந்துவிடுவார்களோ என்று பயந்து, அதைத் துடைத்துப் பையிலிட்டுப் பாண்டிருப்புக்குக் கொண்டுபோனீர்கள். சின்னப்போடியார் கைநீட்டவில்லை. “இஞ்ச ஏன் சேர் கொண்டுவந்தீங்க? அவன் அங்கதானே கழட்டினவன். வந்தானெண்டா அங்கதான் தேடுவான்” என்றார். இருவரும் ஒன்றாக நடந்துவந்து அதைப் பழைய இடத்திலேயே வைத்ததை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம்.

பண்பாளரே, நோயின்றி நெடுங்காலம், கைருன்னிஸா அவர்களோடு ஒழுகாத கூரையின் கீழ்த் தாங்கள் நிம்மதியாய் உறங்கி எழ வல்ல நாயனை வேண்டுகிறோம். பொன்னாடை போர்த்துப் பரிசளிப்பது இங்கே வழக்கம். தாங்கள் இரண்டையும் மறுத்து ஒரு வாக்கு மட்டும் கேட்டீர்கள். முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் சின்னப்போடியாரின் காதிலும் விழ, அதை இம்மடலிலேயே எழுதித் தருகிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கதவுக்கு நிலை வைப்போம், காலம் வந்தால் கூரையும் மாற்றுவோம். படியடியில் கிடப்பதை, அவன் வந்து போட்டுக்கொண்டு போகும்வரை, யாரும் அசைக்கமாட்டோம்.

தங்கள் அன்பில் வளர்ந்த
ஆசிரியர்கள், ஊழியர்கள்
கல்முனை, மார்கழி 1988

முதற் கையொப்பம்: அபூசாலி, நூலக உதவியாளர்