நானூறு டிஸ்க் பிடிக்கும் மெஷின்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சினிமா டிஸ்குகளை மொத்தமாக அடுக்கிப் போட்டுப் பார்க்கும் மெஷின் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. கணவர் செல்போனில் இரண்டு மெஷின்களின் படங்களை மனைவியிடம் காட்டினார்.

“இருநூறு டிஸ்க் புடிக்கறது வேண்டாம். நானூறு புடிக்கறதே வாங்கிப்போடலாம்.”

“ஏனுங்க, நம்மூட்ல இருக்கறதே நூத்தியிருவது டிஸ்க்தானுங்க?”

“சகலை ஊட்ல முந்நூறு புடிக்குதுல்ல?”

“எங்கக்கா ஊட்டுக்காரரு முந்நூறு வாங்குனா, நீங்க நானூறு வாங்கோணுங்களா?”

“பின்ன? ஞாயித்துக்கெழமயானா நம்ம பாப்பா படம் பாக்க அங்கதான ஓடுறா. ‘பெரியப்பா ஊடுதான் ஜாலி’ங்கறா. கேக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது.”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அவ மெஷினுக்காகப் போகலீங்க. அவ பெரியப்பா அவகூட உக்காந்து கடைசி வரைக்கும் பாக்கறாரு. நீங்க படத்தப் போட்டுட்டு லாரிப் பட்டறைக்குப் போயிடறீங்க.”

சங்ககிரி தாண்டும்வரை அவர் செல்போனில் அந்த இரண்டு மெஷின்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“சகலை எத்தன மணிக்குப் படம் போடுவாரு?”

“பத்து மணிக்குங்க.”

“இருநூறே போதும். ஞாயித்துக்கெழம பட்டறைய மூடிட்டு, நம்மூட்ல ஒம்பது மணிக்கே போட்டர்றேன்.”