சிவப்புக் கோடு விழுந்த வரிக்கு ஒரு பாராட்டு மடல்

அடையாறு முகத்துவாரப் பறவை நோக்ககத்தில் இருபத்தொன்பது பருவங்கள் பறவைகளுக்கு வளையமிட்டு, இன்று பணிநிறைவு பெறும் திருமதி பொ. அன்புக்கரசி அவர்களுக்குப் பணியாளர்கள் வாசித்தளிப்பது.

வலை விரித்த கையால் வதை செய்யாத வல்லவரே! சேற்றில் நின்றும் சொல்லில் சேறு படாத செம்மையரே! உள்ளான், உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவைகளை உள்ளங்கையில் ஏந்தி, ஊறின்றி உயர விட்ட உத்தமரே! வணக்கம்.

புரட்டாசியில் வடதிசையிலிருந்து பறவைகள் வரும் முன்பே நீங்கள் கரைக்கு வந்துவிடுவீர்கள். கோட்டூர்புரத்து ஆற்றோரம் குடியிருந்தபோது நடந்து வந்தீர்கள்; அரசு உங்கள் வீட்டை இடித்து, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பின் முதல் பேருந்தில் வந்தீர்கள்; தாமதம் என்று எழுத எங்களுக்கு ஒருநாளும் வாய்ப்புத் தந்ததில்லை. வலையில் சிக்கிய பறவையை முருங்கைப்பூ ஆய்வது போலச் சிறகு நோகாமல் பிரித்தெடுப்பீர்கள். துணிப்பையில் இட்டு எடை பார்த்து, காலில் எண் பொறித்த வளையம் பூட்டி, பறவை பதறும் முன்பே பறக்க விட்டிருப்பீர்கள்.

இதற்கு மேல் "குன்றாத புகழ், குறையாத பெருமை" என்று தொடர்வது வழக்கம். முதல் வரைவில் தொடர்ந்து, உங்களுக்கு வாசித்தும் காட்டினோம். கேட்டுவிட்டு, "ஐய, இவ்ளோ நல்லவளா நானு? எங்க வூட்டுக்காரரு கேட்டா சிரிப்பாரு" என்றீர்கள். ஆகவே அதை விடுத்து, எழுதியே ஆகவேண்டிய ஒன்றை எழுதுகிறோம். பாராட்டு மடலில் பாராட்டுபவர்களின் குற்றம் இடம்பெறுவது மரபன்று. இதில் இடம்பெறுகிறது.

ஆறாண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலை, ஏற்கெனவே வளையமிட்ட உப்புக்கொத்தி ஒன்று உங்கள் வலையில் விழுந்தது. வளையத்தின் எண்ணை மும்முறை படிக்க வேண்டும் என்பது நம் விதி. நீங்கள் இருமுறை படித்தீர்கள். பறவை வாய் பிளந்து மூச்சிரைக்கவே பறக்க விட்டுவிட்டீர்கள். பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே "இரண்டு முறை" என்று எழுதினீர்கள். மூன்று என்று எழுதியிருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார். அந்த எண்ணோ, அதற்கும் பத்தாண்டு முன்பு நீங்களே இதே கரையில் பூட்டிய வளையத்தின் எண்.

உள்ளங்கையளவுப் பறவை பத்து முறை வடக்கே போய்த் திரும்பியிருக்காது, எண்ணைத்தான் தவறாகப் படித்திருப்பீர்கள் என்று தீர்மானித்து, நிலையப் பொறுப்பாளர் கஸ்தூரிரங்கன் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தார். இனி நீங்கள் படிக்கும் ஒவ்வோர் எண்ணையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். இருபத்துமூன்று ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது. மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. "நான் படிச்சது சரிதான் சார்" என்று ஒருமுறை சொன்னீர்கள். பிறகு சொல்லவே இல்லை.

இந்த ஐப்பசியில், உங்கள் கடைசிப் பருவத்தில், தேய்ந்த வளையத்தோடு ஓர் உப்புக்கொத்தி விழுந்தது. வலையிலிருந்து எடுத்தீர்கள்; எண்ணை மட்டும் பார்க்க மறுத்து, இளநிலை ஆய்வாளர் ஹம்சினியிடம் நீட்டினீர்கள். "நீ படிம்மா. நான் படிச்சா சாரு கோடு கீச்சுடுவாரு."

ஹம்சினி படித்தார், எடை பார்க்கும் சாய்சரண் படித்தார், கஸ்தூரிரங்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அடிக்கப்பட்ட அதே எண். எல்லோரும் உங்களையே பார்த்து நின்றோம். "இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாத்துக்கினு கீறீங்க? வெயிலு ஏறுது. பறவைய உடுங்க" என்றீர்கள். விட்டோம், வெட்கத்தோடு.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பதால் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. அதன் அருகில், "வரி சரி, அடித்தது தவறு" என்று எழுதிப் பொறுப்பாளர் கையொப்பமிட்டிருக்கிறார். நேற்று அந்தப் பக்கத்தை உங்களிடம் காட்டினோம். பார்த்துவிட்டு, "ரெண்டு தபான்னு நான் எழுதுனத மாத்தலயே சார்?" என்று கேட்டீர்கள். இல்லை என்றோம். "அது போதும்" என்றீர்கள். அப்போதுதான் அழுதீர்கள். ஆறாண்டு அடக்கிவைத்த அழுகை அது என்று எங்களுக்கு விளங்கிற்று.

அன்புடையீர்! உடல்நலமும் உளநிறைவும் உற்று, பொழுது விடிந்த பின்னும் போர்த்தி உறங்கும் பேறு பெற்று, பேரப்பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ்க! இம்மடலை மும்முறை படித்துச் சரிபார்த்திருக்கிறோம். உங்கள் சொல்லை இனி ஒருவரும் சரிபார்க்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
அடையாறு முகத்துவாரப் பறவை நோக்ககப் பணியாளர்கள்

மடலை எழுதி, முதற்கண் கையொப்பமிடுபவர்: கஸ்தூரிரங்கன்