வெள்ளை மாளிகையும் மூன்று தட்டுக் கரியரும்

அகிலத்தின் அரசியலை அங்குலம் அங்குலமாக அளந்தறிந்த ஆசானே! வெள்ளை மாளிகையின் வெளிவாசலை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராதபோதும், அதன் உள்ளறை உரையாடல்களை உடனிருந்து கேட்டவர்போல் உரைக்கவல்ல உத்தமரே! வெந்நீருக்கும் வெண்ணுரைக்கும் நடுவே நின்று வல்லரசுகளுக்கு வழிசொன்ன வித்தகரே! இன்று ஓய்வுபெறும் எங்கள் விமலநாதன் அண்ணையே! வணக்கம்.

கிளின்டன் காலந்தொட்டு ஒபாமா காலம்வரை வொஷிங்டனில் எடுக்கப்பட்ட எந்தவொரு முடிவும், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் எமது சலவைச்சாலையின் இடைவேளை அறையில் முன்கூட்டியே அறிவிக்கப்படாமல் இருந்ததில்லை. இதை வரலாறு பதிந்துகொள்ளட்டும். அறிவித்தபடி நடந்தவை குறைவு என்பதையும் அது பதிந்துகொள்ளும். வரலாற்றைத் தடுக்க எங்களால் இயலாது.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில், புளோரிடாவில் வாக்குகளை எண்ணி முடிப்பதற்கு முன்பே நீங்கள் ஒருவருக்கு முடிசூட்டி, எங்களுக்கெல்லாம் லட்டு வழங்கினீர்கள். வழக்கு மன்றம் வரை போய் மற்றவர் பதவியேற்றபோது, "நான் சொன்னது மக்களின்ர தீர்ப்பு, நடந்தது நீதிமன்றத்தின்ர தீர்ப்பு. ரெண்டையும் குழப்பாதேங்கோ" என்றீர்கள். லட்டு ஏற்கெனவே செமித்துவிட்டதால் நாங்கள் வாதாடவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரை அந்த நாடு ஒருபோதும் கதிரையில் இருத்தாது என்று 2008 கோடைவரை மேசையில் அடித்துச் சொன்னவர் நீங்கள். பேர்லினில் அவர் பேசியபோது கூடிய பெருங்கூட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டபின் ஒரு கிழமை பேசாதிருந்தீர்கள். கார்த்திகை மாதம் அவர் வென்ற மறுநாட்காலை வாசலிலேயே எங்களை மறித்து, "நான் அப்பவே சொன்னனான்" என்றீர்கள். எப்போது என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. எங்கள் விடுமுறை அட்டவணையைப் போடுபவர் நீங்கள்.

ஆனாலும் அண்ணை, உங்களிடம் நாங்கள் கற்றவை பொய்யல்ல. செல்வந்தருக்கு வரியைக் குறைத்தால் அது ஏழையின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஆகாது என்று விளக்கினீர்கள். புயலில் மூழ்கிய நகரத்துக்குப் படகு அனுப்பப் பிந்திய அரசு, பாலைவனத்துக்குப் பீரங்கி அனுப்ப மட்டும் எப்படி முந்தியது என்று கேட்டீர்கள். வங்கிகள் கவிழ்ந்தபோது அவற்றை நிமிர்த்திய கை, வீடிழந்தவனை ஏன் நிமிர்த்தவில்லை என்று கேட்டபோது, துணி மடிக்கும் துருக்கிக்காரர்கூட, தமிழ் தெரியாமலே, தலையாட்டினார். இவ்வாண்டு மே மாதத்தில், வன்னியிலிருந்து வந்த செய்தியை வானொலியில் கேட்டு நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்த அந்த நாட்களில், வொஷிங்டன் என்ன செய்யும், என்ன செய்யாது என்று நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றி ஒவ்வொருவர் முன்னும் வைத்தீர்கள். அதற்காக உங்களை நாங்கள் என்றும் மதிப்போம். இது மடலுக்காகச் சொல்வதல்ல.

வெளிநாட்டுக் கொள்கையில் இத்தகைய விரிந்த பார்வை கொண்ட தங்களின் உள்நாட்டுக் கொள்கையைப் பற்றியும் உரைப்பது எம் கடன். தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் அமெரிக்கச் சட்டத்தைக் கண்டித்து நீங்கள் முழங்கிய அதே கிழமையில்தான், குளிர்சாதனப் பெட்டியில் யார் எதை வைக்கிறார், யார் எதை எடுக்கிறார் என்று பார்த்துவரும்படி எங்களில் ஒருவரான அன்ரனை நியமித்தீர்கள். "இது பாதுகாப்புக்கு, தம்பி. அது அடக்குமுறை. வித்தியாசம் விளங்கவேணும்" என்றீர்கள். அன்ரனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் யார் யாருடைய தயிரை உண்டார் என்பது நன்றாகத் தெரியும்.

இனி, இம்மடலின் இடையே நாங்கள் சற்று மூச்சு வாங்கவேண்டியுள்ளது.

இந்தப் பாராட்டு மடலின் முதற்படி கார்த்திகையிலேயே எழுதி முடிந்திருந்தது. அதில் "நீதியின் நிலைக்களனே! நடுவுநிலையின் நாயகனே!" என்று இரண்டு வரிகள் இருந்தன. எங்கள் மரியமலர் தன் வடிவான கையெழுத்தில் படியெடுத்தும் விட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குப் பிறகு அந்த இரு வரிகளையும் வெட்டவேண்டி வந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை. மீளாத கையால் எழுதியதால் எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்தருள்க.

நடந்ததை இந்தச் சபை அறியவேண்டும். மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவோரமாக, மேற்சட்டையைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் குமுதினி அக்கா முதலில் அறியவேண்டும்.

2003 பங்குனி மாதம். ஈராக்கில் கொடிய ஆயுதங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, அமெரிக்கா தன் பக்கம் கை உயர்த்துவோரைத் திரட்டிக்கொண்டிருந்த காலம். நாம் வாழும் இந்த ஜேர்மனியோ தான் வரவில்லை என்று ஒதுங்கி நின்றது. அதைப் போற்றி நீங்கள் இடைவேளை அறையில் ஆற்றிய உரைகள் இன்னும் எம் காதில் ஒலிக்கின்றன. "ஆதாரம் எங்க? கண்டவன் ஆர்? சந்தேகத்தில ஒருத்தன்ர வீட்டுக்கதவை உடைக்கிறது எந்த ஊர் நியாயம்?" என்று நீங்கள் கேட்டபோது, அழுத்தும் இயந்திரத்தின் ஆவி உங்கள் முகத்தைச் சூழ்ந்து ஒரு முனிவரின் தோற்றத்தைத் தந்தது.

அதே கிழமையில், உங்கள் மூன்று தட்டு எவர்சில்வர் சாப்பாட்டுக் கரியர் காணாமற்போனது. மூடியில் 'ந. விமலநாதன்' என்று பெயர் வெட்டிய கரியர். உங்கள் துணைவியார் மங்கையற்கரசி அக்காவின் சீதனப் பாத்திரங்களில் ஒன்று. காலை வேலைமுறைக்காரர்கள் நாங்கள் போனபின் அந்த அறைக்கு வருபவர் குமுதினி அக்கா. வேறு ஆராய்ச்சி உங்களுக்குத் தேவைப்படவில்லை. "அவதான் பின்னேர ஷிப்ட். இதுக்கு மேல என்ன ஆதாரம்?" என்றீர்கள். அவருடைய அலுமாரியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தீர்கள். கை உயர்த்தச் சொன்னீர்கள். உயர்த்தினோம். இரு கையிலும் தேநீர்க் குவளை வைத்திருந்ததால் உயர்த்தாத யாகோப்பு, தான் எதிர்த்து வாக்களித்ததாக இன்றுவரை சொல்லி வருகிறார்.

குமுதினி அக்கா அலுமாரித் திறப்பை எடுத்துத் தந்தார். "பாருங்கோ அண்ணை, வடிவாப் பாருங்கோ. எனக்கென்னத்துக்கு உங்கட கரியர்? நான் வேலைக்குக் கொண்டு வாறதே ரெண்டு துண்டுப் பாண்" என்றார். உள்ளே ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு குடை, வேளாங்கண்ணி மாதாவின் படம் ஒன்று. நீங்கள் குடையை விரித்தும் பார்த்தீர்கள். பிறகு எங்களை நோக்கித் திரும்பி, "காணேல்லை எண்டதால எடுக்கேல்லை எண்டு அர்த்தமில்லை" என்றீர்கள்.

மறு கிழமை குமுதினி அக்கா, கழுவாத துணிகள் வந்து இறங்கும் பகுதிக்குத் தானாகவே கேட்டு மாறிப் போனார். இரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளைப் பிரிக்கும் அந்தப் பகுதிக்கு எவரும் தாமாகப் போவதில்லை. அங்குள்ளவர்களுக்கு இடைவேளை அறை வேறு. இந்த ஏழு வருடமும் அவர் எங்களுடன் ஒரு மேசையில் இருந்து சாப்பிடவில்லை. நத்தாருக்கு நாங்கள் கேக் கொடுத்தனுப்பினால், "என்ர கைக்கு வந்ததை எண்ணிப்போட்டுத் தாங்கோ, பிறகு குறைஞ்சால் கதை வரும்" என்று சொல்லி அனுப்புவார். நாங்கள் சிரித்தோம். அது பகிடி என்று நினைத்தோம்.

அந்த ஏழு வருடமும் நீங்கள், இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள். "பிழை விட்டது கூடப் பரவாயில்லை. பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் வாய் திறக்காமல் இருக்கிறாங்களே, அதைத்தான் மன்னிக்கேலாது" என்று நீங்கள் சொன்னபோது, எத்தனையோ முறை, நாங்கள் கண் கலங்கினோம்.

சென்ற ஞாயிறு இவ்விழாவுக்கு முறைப்படி அழைக்க யாகோப்பு, மரியமலர், அன்ரன் ஆகிய மூவரும் உங்கள் இல்லம் வந்தோம். மங்கையற்கரசி அக்கா மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். சுடச்சுடக் கட்லட் வந்தது. அது ஒரு கரியர்த் தட்டில் வந்தது. சூடு ஆறாமலிருக்க மூடியும் கூடவே வந்தது. மூடியை எடுத்த மரியமலர், அதில் வெட்டியிருந்த பெயரைக் கண்டு, அதைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அக்கா, இந்தக் கரியர் எங்க கிடந்தது?"

"இந்தக் கரியரோ?" என்றார் மங்கையற்கரசி அக்கா. "காருக்க, பின் சீற்றுக்குக் கீழ உருண்டு கிடந்தது. அது அப்ப, ஈராக்கில சண்டை துவங்கின கிழமை. இவர்தான் எடுத்துக்கொண்டு வந்து தந்தவர். இனி இதை வேலைக்குக் கொண்டு போகேலாது, வீட்டுப் பாவனைக்கு வைச்சிரு எண்டவர். ஏன் பிள்ளை, மூடி பழுதோ?"

மூடி பழுதில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

விமலநாதன் அண்ணையே! எங்கள் தொண்டையில் நின்ற கட்லட் மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. பாக்தாத்தில் ஆயுதம் இல்லை என்று நீங்கள் சொன்னதை நாங்கள் பாராமலே நம்பினோம். உங்கள் சாப்பாட்டு மேசையில் கண்டதை நம்ப முடியவில்லை. மூவரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். பிறகு, "ஒபாமாவின்ர இந்த மருத்துவக் காப்புறுதிச் சட்டம் இருக்கெல்லோ, அது செனற்றில தப்பாது, பாருங்கோ" என்றீர்கள்.

"அப்ப குமுதினி அக்கா?" என்று கேட்டு மரியமலர் மூடியைக் கீழே வைத்தார். மங்கையற்கரசி அக்காவுக்கு இதில் எதுவும் தெரியாது என்பதை அவர் முகமே சொன்னது. வாசல் வரை வந்து, "அவ ஆர், குமுதினியெண்டிறது?" என்று கேட்டார். நாங்கள் படியிறங்கும்போது சொன்னோம். அவர் கதவைச் சாத்தவில்லை. அப்படியே நின்றார். இப்போது முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர், அன்றிலிருந்து உங்களோடு கதைக்கவில்லை என்று கேள்விப்படுகிறோம். அது உங்கள் உள்நாட்டு விவகாரம், நாங்கள் தலையிடோம்.

ஆயினும் ஒரு வேண்டுகோள். இம்மடல் வாசித்து முடிந்ததும், மாலை அணிவிக்குமுன், ஒலிவாங்கி உங்கள் கைக்கு வரும். ஏற்புரை ஆற்றவேண்டும். பதினாறு ஆண்டுகளாக உங்கள் உரைகளை இடைமறியாது கேட்ட உரிமையில் கேட்கிறோம்: இன்று ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பும் படைகளைப் பற்றி வேண்டாம். சமாதானப் பரிசைப் பற்றி வேண்டாம். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த வசனத்தை நாங்கள் எழுதித் தரமாட்டோம். வல்லரசுகளே சொல்லத் தயங்கிய வசனம் அது. நீங்கள் சொன்னால், இந்த நகரிலிருந்து வொஷிங்டனுக்குப் போகும் முதலாவது நல்ல முன்மாதிரியாக அது இருக்கும்.

குமுதினி அக்கா, நீங்கள் அந்தக் கதவோரத்திலிருந்து எழும்பிப் போகவேண்டாம். சாப்பாடு நீண்ட மேசையில் போட்டிருக்கிறது. உங்களுக்கு மரியமலருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம். கை உயர்த்திய மற்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் இருப்போம், நீங்கள் பார்க்கத்தக்கதாக.

அண்ணை! அறுபத்தைந்து அகவை நிறைத்து ஓய்வுக்குள் அடியெடுத்து வைக்கும் நீங்கள், சீனி வருத்தமும் இரத்த அமுக்கமும் சீண்டாமல், மூட்டும் முதுகும் முரண்டு பிடிக்காமல், இன்னும் பல தேர்தல்களைக் கண்டு, இன்னும் பலருக்கு அவசரப்பட்டு முடிசூட்டி, காலையில் செய்தியும் மாலையில் மனச்சாட்சியும் கேட்டு, மங்கையற்கரசி அக்காவோடு மறுபடி கதைபேசி நீடு வாழ்க என வாழ்த்துகிறோம். இம்மடலைச் சட்டமிட்டுத் தந்திருக்கிறோம். வரவேற்பறையில் மாட்டுங்கள். ஆணியடிக்க அன்ரன் வருவார்; மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் அவரே வருவார்.

அன்பும் அதிர்ச்சியும் அகலாத,
யாகோப்பு, மரியமலர், அன்ரன்
மற்றும் காலை வேலைமுறைத் தமிழ்ப் பணியாளர்கள்
கெல்சென்கிர்ச்சன், 19.12.2009

பிற்குறிப்பு: மேடையில் வண்ணத்தாள் சுற்றி வைத்திருக்கும் பரிசு, கார்த்திகையிலேயே ஹம்பேர்க் கடையொன்றில் சொல்லிவைத்தது. என்ன வாங்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டபோது குமுதினி அக்காதான் சொல்லியனுப்பினார்: "அந்தாளுக்கு ஒரு கரியர் வாங்கிக் குடுங்கோ. அதோட எண்டாலும் என்ர பேரை விடட்டும்." மூன்று தட்டு, எவர்சில்வர். திங்கட்கிழமை கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். மூடியில் பெயர் வெட்டியாயிற்றாம், திருப்பி எடுக்கமாட்டார்களாம்.